முப்பது புட்டி செரிமானத் தூள்

நல்ல பசிக்கு எங்கள் கடையில் விலை நூற்றெண்பது. பேரம் பேசினால் நூற்றெழுபது. புட்டியில் செரிமானத் தூள் என்று சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே சர்க்கரை, உலர்ந்த புதினா, கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். பசி எடுத்தால் தூளின் மகிமை, எடுக்காவிட்டால் வாங்கினவர் வயிற்றின் கோளாறு. வியாபாரம் என்றால் இரண்டு பக்கமும் கதவு இருக்க வேண்டும்.

நீங்கள் மென்றுகொண்டிருக்கிற அந்த வெள்ளை மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள். மேசையிலிருந்த டம்ளரை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தேன், உடனே வேறு டம்ளர் கொண்டுவரச் சொன்னீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

கடை அண்ணனுக்கும் எனக்கும் பாதிப் பாதி. வயிறு சம்பந்தப்பட்டது எல்லாம் விற்போம். வயிற்றைப் பங்கு போட்டதில்தான் கடவுள் தராசைச் சரியாகப் பிடிக்கவில்லை. அண்ணன் கல்லைத் தின்றாலும் செரிப்பான். பதினாலு வயசிலிருந்து எனக்கு எண்ணெய் பட்டால் மூன்று நாள் படுக்கை. கடையின் பின்னறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவன் தட்டில் பொரித்த மீன், கொழுப்போடு கறி, மேலே இரண்டு முட்டை. என் தட்டில் கஞ்சி, ஓரத்தில் வேகவைத்த கேரட். "ஏண்டா கஞ்சித்தொட்டி, இன்னிக்கும் அதே பசைதானா?" என்பான். என் கல்யாண விருந்திலும் எனக்குக் கஞ்சிதான். என் பங்கையும் சேர்த்து அவனே சாப்பிட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதற்கெல்லாம் யாராவது பகை வைப்பார்களா?

பிறகு அவனுக்குக் கணையத்தில் கட்டி வந்தது. முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன், நிஜமாகவே அழுதேன். கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது, மறைப்பானேன்: இனி இரண்டு தட்டிலும் கஞ்சி.

ஆனால் டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார். "சாப்பிடும்போது வேளைக்கு ரெண்டு கேப்ஸ்யூல். கணையம் பார்க்க வேண்டிய வேலைய அந்த என்சைம் பார்த்துக்கும். அவர் எல்லாமே சாப்பிடலாம்."

"எல்லாமேவா?" என்று கேட்டேன்.

"எல்லாமே."

இரண்டே மாதம். பின்னறையில் மறுபடி மீன் வாசனை. கணையமே இல்லாதவன் கறி தின்கிறான், முழுக் கணையம் இருக்கிற நான் கஞ்சி குடிக்கிறேன். எந்தச் சந்தையில் செல்லும் இந்தக் கணக்கு?

என்சைம் வேறு, ப்ரோபயாடிக் வேறு. உங்கள் எழுத்தர் இரண்டையும் ஒன்றாக எழுதுகிறார், திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். என்சைம் கத்தரிக்கோல் மாதிரி. கறியையும் கொழுப்பையும் அது நறுக்கிக் கொடுத்தால்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். ப்ரோபயாடிக் என்பது குடலில் குடியிருக்கிற நல்ல கிருமி, ஒழுங்கான வாடகைக்காரன். வாடகைக்காரன் எவ்வளவு நல்லவனானாலும் நமக்குத் துணி வெட்டித் தர மாட்டான். வாடிக்கையாளர்களிடம் இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆகையால் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

அந்தச் சமயம் கடையின் குளிர்பெட்டி பழுதானது. ப்ரோபயாடிக் தூள் நாலு டப்பா வெக்கையில் செத்துப்போனது. கம்பெனிக்காரன் திருப்பி எடுக்கவில்லை. அண்ணனுக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்து வைப்பது என் பொறுப்பு. அவன் அதிலெல்லாம் அலட்சியக்காரன், என்னைத்தான் நம்பியிருந்தான். கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருந்த குருணையைக் கொட்டிவிட்டு, கிருமித் தூளை அடைத்து மூடினேன். ஒரு கேப்ஸ்யூலில் ஆயிரம் கோடி கிருமி, உயிரோடு இருந்தவரைக்கும். விஷம் என்று அண்ணி சொன்னதாக உங்கள் தாளில் இருக்கிறது. அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். நல்ல கிருமிதான் கொடுத்தேன்.

முதல் மாதம் அவன் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டான். இரண்டாம் மாதம் மோதிரம் கழன்று விழுந்தது. தின்றது எதுவும் உடம்பில் தங்கவில்லை, கழிப்பறைக்கும் கல்லாவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். பசி மட்டும் போகவில்லை. முன்னைவிட அதிகமாகத் தின்றான். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "உங்க அண்ணி சமையல்ல என்னமோ கலக்குறாடா."

"சேச்சே, அண்ணி அப்படிப்பட்டவங்க இல்லண்ணே," என்றேன். "எதுக்கும் கொஞ்ச நாள் இங்கேயே சாப்பிடேன். நானே பார்த்துப் பண்ணித் தர்றேன்."

கண் கலங்கிவிட்டான். "நீ ஒருத்தன்தான்டா எனக்கு," என்றான்.

அண்ணி ஒருநாள் கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை. அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். "தம்பி, மாத்திரையெல்லாம் சரியாத்தானே குடுக்குறீங்க?"

"வேளை தவறாம குடுக்கிறேன், அண்ணி."

"வேளை தவறலைன்னு எனக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பதிலை நான் பல நாள் புரட்டிப் பார்த்தேன்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். கொட்டிய குருணையைக் குப்பையில் போட்டிருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் போட்டிருப்பான். ஆனால் அது விலை கூடிய சரக்கு, ஐயா. நல்ல சரக்கைக் குப்பையில் போட்ட கை எங்கள் குடும்பத்தில் கிடையாது. செரிமானத் தூளில் கலந்தேன், புட்டிக்கு முப்பது கேப்ஸ்யூல் வீதம். அதுவரை வெறும் சர்க்கரையாக இருந்த தூள் அன்று முதல் வேலை செய்ய ஆரம்பித்தது. தபால்காரர் இரண்டாவது புட்டிக்கு வந்தார். தையற்கடைக்காரர், இருபது வருஷத்தில் முதல் தடவையாக, பேரம் பேசாமல் வாங்கினார். நானும் ஒரு கரண்டி போட்டுப் பார்த்தேன். என் வயிற்றுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

நாலாம் மாதம் அண்ணன் கன்னத்தில் சதை தெரிந்தது. மோதிரம் விரலுக்குத் திரும்பிவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேப்ஸ்யூல்களைத் திரும்ப எண்ணினேன், சரியாக இருந்தன. வேறு கடையில் வாங்குகிறானோ, டாக்டரம்மா தனியாக ஏதாவது கொடுக்கிறாரோ, அண்ணிக்குத் தெரிந்துவிட்டதோ என்று ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டேன். ஒரு மதியம் சாமான் அறைக் கதவைத் திறந்தேன். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, செரிமானத் தூளைப் புட்டியிலிருந்து நேராக வாயில் கொட்டிக்கொண்டிருந்தான். காலடியில் இரண்டு காலிப் புட்டி.

வெட்கத்தோடு சிரித்தான். "சர்க்கரைய வித்து ஊரை ஏமாத்துறேன்னு உன்னைக் கேலி பண்ணினேன். இப்ப இதுதான்டா என்னைக் காப்பாத்துது. கடையில யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத."

"சாப்பிடுண்ணே. நம்ம கடைதானே," என்றேன். அவன் கையிலிருந்த மூன்றாவது புட்டியை அவனிடமே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மீதிப் புட்டிகளைக் குளிர்பெட்டிக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

அவனிடமிருந்த புட்டி தீர்ந்துகொண்டுவந்தபோது கேட்டான். "தூள் இருக்காடா?"

"ஸ்டாக் இல்லண்ணே. அடுத்த வாரம் வரும்."

"நீதானே செய்யற. யாரு கொண்டுவந்து குடுக்கணும்?"

"புதினா வரணும்."

தலையாட்டினான். அடியில் இருந்ததைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மணிகளை எண்ணுவதுபோல விரல் நுனியில் தொட்டு நக்கினான். கொஞ்ச நாளில் நக்குவதையும் விட்டுவிட்டான், மிச்சம் வைக்கிறானாம். தினமும் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவான், புதினா வருகிறதா என்று பார்க்க. ஆறு வாரம் பார்த்தான். எழுபத்தெட்டு கிலோ இருந்தவன் நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தான். பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சல் போதுமாக இருந்தது.

கடைசி வாரம் மட்டும் கஞ்சி கேட்டான். நானே காய்ச்சிக் கொடுத்தேன். இரண்டு பேர் தட்டிலும் ஒரே சாப்பாடு. எங்கள் வாழ்க்கையில் நான் அவனோடு சந்தோஷமாக உட்கார்ந்து சாப்பிட்டது அந்த வாரம்தான்.

மீதி உங்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு மாதம் மட்டும் எப்படித் தேறினார் என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். சட்டைப்பையிலிருந்த புட்டியை அண்ணி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். சர்க்கரையில் கிடக்கக்கூடாத என்சைம் மணிகள் சர்க்கரையில் கிடந்தன.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். கேப்ஸ்யூல் மொத்தம் தொள்ளாயிரம். புட்டி முப்பது. விற்றது இருபத்தொன்று, குளிர்பெட்டிக்குப் பின்னால் நீங்கள் எடுத்தது ஆறு, அண்ணன் சாப்பிட்டது மூன்று. ஒரு குருணைகூட வீணாகவில்லை. அண்ணன் எடுத்த மூன்றுக்கும் நான் காசு கேட்கவில்லை, ஐயா. அதையும் மறக்காமல் எழுதுங்கள்.