கப்பல் மணியின் பச்சை

— இது நான் குடுத்த மணி இல்லீங்க, ஸ்தனிஸ்லாஸ் சார்.

— மிஸ்டர் அருள்நாதன், நீங்க பாலக்கரையில பழைய சாமான் கடை வச்சிருக்கீங்க. நான் காலேஜ்ல முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தினவன். நாகப்பட்டினத்துக் கடல்ல மூழ்கின டச்சுக் கப்பலோட மணி இது. ரெண்டு மாசமா அண்டாவுல ஊறப்போட்டு, தினம் காவேரித் தண்ணி மாத்தி, உள்ள ஏறியிருந்த உப்பையெல்லாம் இறக்கியிருக்கேன்.

— அண்டா இல்லாம வீடே குடத்துல மொண்டு குளிக்குது. அதையும் சொல்லுங்க.

— டோரதி, நீ போய்க் காப்பியைப் பாரு.

— உப்பு போகட்டும் சார். பச்சை ஏன் மாறிச்சு? நான் குடுத்தப்ப கழுத்துல கரும்பச்சை, விளிம்புல திட்டுத் திட்டா. இது கிளிப்பச்சை. மணியை மாத்திட்டீங்க.

— நானா? மாதா கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவர்யா நான்.

— அதான் பங்குச் சாமியார்கிட்டயே கேக்கலாம்னு பாக்குறேன். மணியை விலை பேச மெட்ராஸ் மியூசியம் ஆபீசர் போட் மெயில் ரயில்ல வந்து இறங்கிட்டார். அவர் இங்க வர்றதுக்குள்ள என் மணி வந்தாகணும்.

— தாராளமா கேளுங்க. இது கடல் ஏத்தின களிம்பு. முன்னூறு வருஷம் ஆகும். மனுசக் கையால ஆகாது. எந்தக் கோர்ட்டுலயும் சொல்வேன்.

— ஏன் சார், கடல் மோர் வாசனை அடிக்குமா?

— மோரா? எங்க, காட்டுங்க... டோரதி.

— கோச்சுக்காதீங்க. அருள்நாதன் அண்ணே, மணி உங்களுதுதான், அவர் மேல பழி போடாதீங்க. திருவிழாவுக்குக் குத்துவிளக்கு, செம்பெல்லாம் விளக்குறப்ப, நம்ம வேலைக்காரி ரோசம்மாள் அண்டாவுல கிடந்த இதையும் எடுத்துப் புளி போட்டுத் தேச்சிட்டா. தங்கமாட்டம் மின்னுச்சு. நல்லவேளை, இவர் இந்த மணியைப் பத்திப் பிரசங்கம் பண்ணக் கும்பகோணம் போயிருந்தார். வர்றதுக்குள்ள புளிச்ச மோர்ல உப்பைக் கரைச்சு, துணியில நனைச்சுச் சுத்தி வச்சேன். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்பு வச்சா ஏறுமே, அந்தக் களிம்புதான்.

— முன்னூறு வருஷம், டோரதி...

— நாலு நாள்தாங்க. அதை மட்டும் ஆபீசர்கிட்ட சொல்லிடாதீங்க.

— அடப்பாவமே. ஒரு மாசம் எருக்குழியில புதைச்சு வச்சு நான் ஏத்தின பச்சையை, ஒரு உருண்டை புளியில கழுவிட்டீங்களேம்மா.