ரெண்டே பேர் உள்ள கார்டு

இல்லக்கா, நீங்க சாப்பிடுங்க. சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தது என் தப்பு. சாப்பிட்டுக்கிட்டே காதை மட்டும் இந்தப் பக்கம் குடுத்தா போதும். அக்கான்னு கூப்பிடலாம்ல? வாசல்ல இருக்கறவரு உங்களை மிஸ்ஸுன்னு சொன்னாரு. எனக்கு அது வாயில வர மாட்டேங்குது.

நான் பாட்டு கேட்டு வரலக்கா. ரேடியோ ஸ்டேஷனுக்கு வர்றவங்க எல்லாரும் பாட்டு போடுங்கன்னுதான் கேப்பாங்க, நான் போடாதீங்கன்னு கேக்க வந்திருக்கேன். நாளைக்கு நேயர் விருப்பத்துல வாசிக்கறதுக்குன்னு கார்டெல்லாம் கட்டி வச்சிருப்பீங்கள்ல, அதுல ஒண்ணு பஃபலோ ரோட்டு விலாசத்துல இருக்கும். அதை மட்டும் எடுத்துடணும். விண்ணப்பம் கூட கொண்டு வந்திருக்கேன். இங்கிலீஷ்ல டைப் அடிச்சது ஒண்ணு, தமிழ்ல கையால எழுதுனது ஒண்ணு. கார்பன் காப்பியும் இருக்கு. சிரிக்காதீங்கக்கா. கவர்மெண்டு ஆபீஸ்ல சேர்ந்து எட்டு மாசமாச்சு. எதையும் எழுத்துல குடுக்காட்டி குடுத்த மாதிரியே தோண மாட்டேங்குது.

செல்லக்கண்ணு. என் பேருதான். அதுக்கும் சிரிக்கலாம், பல்கலைக்கழகத்துலயே சிரிச்சிருக்காங்க.

கார்டு என்னுது இல்லக்கா. எழுதுனது என் தங்கச்சி, பாக்கியலட்சுமி. பாக்கியம்னு கூப்பிடுவோம். ஒரு கார்டு எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? அப்பா பேரு, அம்மா பேரு, அண்ணன் தம்பி, எதுத்த வீடு, மாடி வீடு, இன்னும் பேரு வைக்காத பிள்ளைக்குப் பாப்பான்னு ஒண்ணு. போன வாரம் ஒரு கார்டுல இருபத்தேழு பேரை வாசிச்சாங்க. எங்க தெரு கோப்பிக்கடையில ஒருத்தரு எண்ணிக்கிட்டே இருந்தாரு, பாட்டை விட பேரு நீளம்லான்னு.

பாக்கியம் கார்டுல ரெண்டே பேர். பாக்கியலட்சுமி, வடிவேலு. அவ்வளவுதான். அண்ணன் இல்ல, தம்பி இல்ல. எந்தப் பாட்டுன்னு பார்த்தா, எந்தப் பாட்டா இருந்தாலும் சரின்னு எழுதியிருக்கா. வர்ற ஞாயித்துக்கிழமையே வாசிக்கணும்னு அடியில கோடு வேற போட்டிருக்கா. ஒரு பொண்ணு பேரு, ஒரு பையன் பேரு, ஒரே தெரு. அதை ரேடியோவுல சொன்னா கோப்பிக்கடையில உக்காந்திருக்கறவன் என்ன நினைப்பான்? சிராங்கூன் ரோடு முழுக்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் அதே ஸ்டேஷன்தான ஓடுது? பஃபலோ ரோட்டுல ஆரம்பிச்சா ரேஸ் கோர்ஸ் ரோடு வரைக்கும் ஒரு வரி விடாம நடந்துக்கிட்டே கேக்கலாம். நான் கேட்டிருக்கேன்.

நாளைக்கு என்னன்னா, அவளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. ஜோகூர் பக்கத்துல எஸ்டேட்ல கணக்கு எழுதற கிராணி மாப்பிள்ளை. பதினோரு மணிக்கு வர்றாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க. எங்க அப்பா கட்டாயம் ரேடியோவைத் திருகுவாரு. ஏன்னா அது நான் முதல் சம்பளத்துல வாங்குனது. வீட்டுக்கு யாரு வந்தாலும் முதல்ல ரேடியோ, அப்புறம் பட்டம் வாங்கறப்ப கவுன் போட்டுக்கிட்டு நான் எடுத்த போட்டோ. ரெண்டையும் காட்டிட்டுத்தான் தண்ணியே குடுப்பாரு. மாப்பிள்ளை வீடு இலையில உக்காந்திருக்கறப்ப உங்க ஆளு வாசிக்கறாரு, பஃபலோ ரோடு பாக்கியலட்சுமி, வடிவேலுன்னு. நினைச்சுப் பாருங்க.

கால் ஆடுதா? மன்னிச்சுக்குங்க, மேசை ஆடுதுன்னு நினைச்சேன். ஒரு வாரமா இப்படித்தான்.

என்னக்கா? ஆமா... நீங்க கேக்கறது நியாயம்தான். தபால்ல போன கார்டுல என்ன எழுதியிருந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும். சொல்றேன். அதை அப்புறம் சொல்றேன்க்கா, முதல்ல இதை முடிச்சுடறேன்.

வடிவேலு கெட்டவன் இல்ல. அதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். டிராலி பஸ் கண்டக்டர். என்னை விட நாலு வயசு மூப்பு, ஆனா என் சிநேகிதன். நாங்க வீட்டுல ஏழு பேரு, ஒரு ரூம். அதுல உக்காந்து எப்படிப் படிக்கிறது? தெரு விளக்குல படிச்சேன்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, கேக்க நல்லா இருக்குன்னு. அது பொய்க்கா. நான் படிச்சது வடிவேலு பஸ்ஸுல. பின்சீட்டு ஜன்னல் ஓரம். தஞ்சோங் பகார் போயி, திரும்பி வந்து, மறுபடி போயி. டிக்கெட்டை அவன் கைக்காசுல கிழிச்சுடுவான். மேல ஓடற கரண்டு கம்பியிலேர்ந்து பஸ்ஸோட கோல் நழுவுனா பஸ் அப்படியே நின்னுரும்ல, அப்ப மூங்கில் கழியை எடுத்துக்கிட்டு இறங்கி அதை மாட்டிவிட்டுட்டு வந்து சொல்லுவான், டேய் கண்ணு, எனக்குக் கோலு, உனக்குப் பேனா, ரெண்டு பேரும் ஒழுங்காப் பிடிப்போம்னு. பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு பேனா வாங்கிக் குடுத்தான். இதோ, சட்டையில இருக்கே, இதுதான்.

சனிக்கிழமையானா ரெண்டு பேரும் ஒரு சுத்து சுத்துவோம். படம் பார்ப்போம், முன் வரிசை டிக்கெட். அப்புறம் பீச் ரோட்டுல குச்சியில சுட்ட சாத்தே, அப்புறம் எஸ்பிளனேடுல காத்து. கப்பல் விளக்கை எண்ணுவோம். வீட்டுக்கு வந்தா பாக்கியம் படத்துக் கதை கேப்பா. நான் சொன்னா பிடிக்காது, வடிவேலுதான் சொல்லணும். அவன் சண்டையெல்லாம் நடிச்சே காட்டுவான். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்பாவே அவனைக் கேலியா மாப்பிள்ளேன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தவருதான்.

அது எப்ப நின்னுச்சுன்னா, எனக்குப் பட்டம் வந்த அன்னைக்கு. ஹார்பர்ல மூட்டை தூக்குன துரைசாமி மவன் பி.ஏ.ன்னு தெருவே வந்து பார்த்துச்சு. வடிவேலுவும் வந்தான். இனிப்பு வாங்கிட்டு வந்தான். அப்பா நாற்காலியைக் காட்டி, உக்காருங்க தம்பின்னாரு. உக்காருங்கன்னாருக்கா. அதுக்கு முன்னாடி டேய் உக்காருடான்னு சொல்லிக்கிட்டிருந்தவரு. அவனுக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு, இனிப்பை வச்சுட்டு நின்னுக்கிட்டே போயிட்டான். ஒரு மாசம் கழிச்சு அம்மா மெதுவா பேச்செடுத்தாங்க, பொண்ணுக்கு வடிவேலு மேல நினைப்பு இருக்கும் போலன்னு. பட்டதாரி வீட்டுப் பொண்ணைக் கண்டக்டருக்கா குடுப்பாங்க, டிராலி பஸ்ஸையே நிறுத்தப் போறாங்களாம்லன்னாரு அப்பா.

நானா? நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். பாக்கியம் ரசம் ஊத்துனா. என் மூஞ்சையே பார்த்துக்கிட்டு ஊத்துனா. நான் போதும்னு கையைக் காட்டினேன். அன்னைக்கு அந்த வீட்டுல நான் பேசுன ஒரே பேச்சு அதுதான்.

யோசிச்சா எனக்குத் தாங்கலக்கா. நான் பெயிலாகியிருந்தா இந்நேரம் அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருக்கும்.

இல்ல, தண்ணி வேணாம். சரி, குடுங்க.

இந்த வாரம் பூரா வீட்டுல இருக்க முடியல. திங்கக்கிழமை படத்துக்குப் போனேன். முன் வரிசை இல்ல, மாடி சீட்டு. பாதியில எழுந்து வந்துட்டேன், கதையை யாருக்குச் சொல்றது? செவ்வாய்க்கிழமை ஆபீஸ் ஆளுங்க கூப்பிட்டாங்கன்னு ஒரு கிளப்புக்குப் போனேன். அவங்க பேசறதெல்லாம் எனக்குப் புரியும், எங்க சிரிக்கணும்ங்கறதுதான் ஒரு நிமிஷம் லேட்டாப் புரியும். ஆரஞ்சுத் தண்ணியைக் கையில வச்சுக்கிட்டே நின்னுட்டு வந்தேன். புதன்கிழமை நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா. முட்டுற கார் இருக்குல்ல, அதுல ஏறினேன், இருபத்தி மூணு வயசுக்காரன் தனியா. பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து என்னை ஒரு மூலையில வச்சு முட்டுதுங்க. வண்டியைத் திருப்பக்கூடத் தோணல எனக்கு.

நேத்து வேற வழியில்லாம அவன் பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறினேன். மூணு பஸ்ஸை விட்டுட்டு அவன் பஸ்ஸுல ஏறினேன். பழைய பின்சீட்டு. சொல்லிடலாம்னுதான். டேய், பாக்கியம் இப்படி ஒரு கார்டு எழுதிட்டா, வந்து என்கூட நில்லு, ரெண்டு பேரும் அப்பாகிட்ட பேசலாம்னு. மனசுக்குள்ள ஒத்திகை எல்லாம் பார்த்தாச்சு. அவன் வந்தான். பையைத் தட்டினான். சார், டிக்கெட்டுன்னான்.

சாருன்னான்க்கா.

கிண்டல் இல்ல. கிண்டலா இருந்தா நான் பிழைச்சிருப்பேன். எங்க போகணும் சாருன்னு மரியாதையா கேட்டான். நான் தஞ்சோங் பகார்னேன். டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்தான், சில்லறை குடுத்தான், அடுத்த சீட்டுக்குப் போயிட்டான். காண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி தாண்டி கோல் நழுவிச்சு. மூங்கிலை எடுத்துக்கிட்டு இறங்கினான். நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருக்கேன், மேல பார்த்து மாட்டறான். வழக்கமா மாட்டிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். நேத்து கையைத் துடைச்சுக்கிட்டு ஏறிட்டான். அவனுக்கு இந்தக் கார்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுக்கா, எனக்கு நிச்சயமாத் தெரியும். தெரிஞ்சிருந்தா என் முகத்தைப் பார்த்திருப்பான். பாக்கியம் தனியாத்தான் இதைப் பண்ணியிருக்கா.

அப்பதான் பயம் வந்துச்சு. நாளைக்கு வாசிச்சுட்டா என்ன நடக்கும்? அப்பா அடிப்பாரா? அடிக்க மாட்டாரு, பேச மாட்டாரு. அதுதான் மோசம். ஜோகூர்க்காரங்க எழுந்து போயிடுவாங்க. அவளை வீட்டை விட்டே வெளிய விட மாட்டாங்க. அவனுக்கு டிப்போவுல தலை காட்ட முடியாது. அதான் இன்னைக்கு அரை நாள் ஆபீஸ் முடிஞ்சதும் நேரா இங்க வந்துட்டேன். கார்டை எடுத்துட்டா ஒண்ணும் நடக்காதுல்ல? எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும்ல?

ஆமாக்கா. இருந்த மாதிரியேதான் இருக்கும். நீங்க அதையே திருப்பிச் சொல்றப்பதான் அது எப்படி இருக்குன்னு தெரியுது.

கையைக் கழுவிட்டு வாங்க, அவசரமில்ல.

அந்தக் கட்டா? இவ்வளவு கார்டா வருது? பஃபலோ ரோடு... இது இல்ல, இது செட்டியார் கடை. அடுத்தது... ஆ, இதுதான். இதுதான்க்கா அவ எழுத்து. ல எழுத்துப் போட்டா சுழி பெருசா இருக்கும். மூணாவதா வச்சிருக்கீங்க. அப்ப நாளைக்குக் கட்டாயம் வந்திருக்கும்.

என் கையிலயே குடுக்கறீங்களா? விண்ணப்பம் கூட வேணாமா?

பாருங்களேன், எவ்வளவு இடத்தைக் காலியா விட்டிருக்கா. மேல ஓரமா ரெண்டு பேரு, கீழ முக்கால் கார்டு வெள்ளையாக் கிடக்குது. இவ நோட்டுப்புத்தகத்துல விளிம்பு வரைக்கும் எழுதறவ. காகிதத்தை வீணாக்கவே மாட்டா.

அக்கா... ஒண்ணு கேக்கலாமா? வந்த கார்டுல பேரு சேர்க்க விடுவீங்களா? தெரியும், எடுக்கச் சொல்லித்தான் வந்தேன். ஒரே ஒரு பேரு. என் பேனாவே இருக்கு.

அண்ணன் செல்லக்கண்ணு. பி.ஏ. போடட்டுமா? கேவலமா இருக்குமோ? நான் இதுவரைக்கும் அதை என் பேருக்குப் பின்னாடி எழுதுனதே இல்ல, அப்பாதான் கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது எல்லாத்துலயும் போடச் சொல்லுவாரு. இல்ல, போடறேன். ரெண்டு பேரு வாசிச்ச உடனே அவரு கை ரேடியோவை அணைக்கப் போகும். மூணாவதா அண்ணன், பி.ஏ.ன்னு வந்தா ஒரு நிமிஷம் நின்னாலும் நிக்கும். நிக்காட்டி போகுது, பக்கத்துல நான்தான உக்காந்திருப்பேன். சோறு பிசையாம இருப்பேன். வாசிக்கறவருகிட்ட மட்டும் சொல்லிடுங்க, அண்ணன்ங்கறதை விட்டுடாம வாசிக்கச் சொல்லி.

மை காயட்டும். படிக்க முடியுதுல்ல?

விண்ணப்பத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க, காப்பியையும். நான் கிளம்பறேன். வடிவேலு ரெண்டே முக்கால் பஸ்ஸுல வருவான், ஓடுனா பிடிச்சுடலாம். அவன் சாருன்னு சொன்னா மூங்கிலைப் பிடுங்கிடுவேன்.

குடையா? ஆமா, என்னுதுதான். மறந்தே போயிட்டேன்.

என்னக்கா? ஓ, அதுவா. சொல்றேன்னு சொன்னேன்ல. திங்கக்கிழமை காலையில ஆபீசுக்குக் கிளம்பறப்ப பாக்கியம்தான் எங்கிட்ட குடுத்தா, அண்ணே, போட்டுடுன்னு. கவர்ல வைக்கல, குப்புறப் பிடிக்கல, எழுத்து எனக்குத் தெரியற மாதிரி குடுத்தா. தேக்கா மார்க்கெட்கிட்ட தபால்பெட்டி இருக்குல்ல, அங்க நின்னு ரெண்டு தடவை படிச்சேன். படிச்சுட்டுத்தான்க்கா போட்டேன்.