மூன்றாவது சிலிண்டரும் கம்பளைக் கலியாணமும்

என் பெயர் மத்தியாஸ் டொரதி. வயது நாற்பத்தெட்டு. கத்தோலிக்கர். விலாசம் ஹேவாஹெட்ட வீதி, தலாத்துஓயா. தொழில் வாடகைக்குப் பிக்கப் ஓட்டுதல். 2003 செப்டெம்பர் ஏழாம் திகதி ஞாயிறு காலை, கெலிஓயாவுக்கும் கம்பளைக்கும் இடையே வீதியை என் வண்டியால் மறித்ததாகவும், அனுமதியின்றி மேளம் வாசிக்க இடமளித்ததாகவும், தனியார் பஸ் ஒன்றின் பயணிகளைக் கலைத்துக் கொண்டுபோனதாகவும் அந்த பஸ்ஸின் சாரதி செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது தொடர்பாக நான் கூறுவதாவது:

என் வண்டி பெற்றோலில் ஓடும் பழைய நாலு சிலிண்டர் பிக்கப். என் கணவர் இறந்த பின்னர் நானே அதை ஓட்டி, ஹேவாஹெட்டவிலிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிவருகிறேன். சில வாரங்களாக இஞ்சின் நின்ற இடத்தில் நடுங்கியது, மேட்டில் திணறியது. கார்புரேட்டரைக் கழுவினேன். புது பிளக் போட்டேன். சரிவரவில்லை. காட்டிய இரண்டு கராஜ்களிலும் இஞ்சின் தேய்ந்துவிட்டது, இரும்புக்கு விற்றுவிடுங்கள் என்றார்கள். நான் விற்கவில்லை.

அன்று காலை தேவாலயத்தில் முதல் பூசை கண்டுவிட்டு, கம்பளையில் புடவைக்கடை வைத்திருக்கும் நடராஜா என்பவரின் மகள் கலியாணத்துக்காக மேளகாரர்களைக் கண்டியில் ஏற்றினேன். நாதஸ்வரக்காரர் தனபாலனும் அவருடைய தம்பியும் பின்னால் ஏறினார்கள். தவில்காரர் முத்துலிங்கம் என் பக்கத்து ஆசனத்தில் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்தவர். வரும் வழியெல்லாம் இஞ்சின் சத்தத்துக்கு ஏற்பத் தன் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

கெலிஓயாவைத் தாண்டியதும், மதகு வேலைக்காக வீதியின் ஒரு பக்கம் தோண்டப்பட்டு ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய மேட்டில் இஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி இயக்கினேன். இயங்கியது, ஆனால் இழுக்கவில்லை. பின்னால் முறைப்பாட்டாளரின் பஸ்ஸும் அதற்குப் பின்னால் பல வாகனங்களும் வந்துவிட்டபடியால் வண்டியைப் பின்னால் எடுக்க முடியவில்லை. முறைப்பாட்டாளர் ஹோர்ன் அடித்தார். முகூர்த்தம் பதினொரு மணியோடு முடியும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அதன் பின்னர் நான் முத்துலிங்கத்திடம், "அண்ணே, பெற்றோல்ல தண்ணி கலந்திருக்கும் போல" என்றேன்.

அவர், "இல்லைத் தங்கச்சி. தண்ணியெண்டா கண்ட கண்ட இடத்தில விக்கல் எடுக்கும். இது தகதிமி எண்டு வரவேண்டியது, தகதி எண்டு வருது. பிசகாம ஒரே இடந்தான் விழுகுது. எந்தச் சிலிண்டர் எண்டு நீங்கதான் பாக்கோணும்" என்றார்.

அது எனக்குச் சரியாகப் பட்டது. உடனே இறங்கிப் பொனட்டைத் திறந்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். முதலாவதைக் கழற்றியபோது இஞ்சின் இன்னும் மோசமாக நடுங்கியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று விளங்கியது. பிளக் புதியது என்பதால் வயரைச் சந்தேகித்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே மரக்கறி மூட்டைகளை மூடும் படங்கை எடுத்துப் பொனட்டின் மேல் போர்த்து, நானும் முத்துலிங்கமும் அதற்குள் தலையை விட்டுப் பார்த்தோம். இருட்டில், மூன்றாவது வயரின் அடிப்பக்க வெடிப்பிலிருந்து இஞ்சின் இரும்புக்கு நீலப் பொறி டிக் டிக்கென்று பாய்ந்துகொண்டிருந்தது.

முத்துலிங்கம், "அந்தா, எங்கட 'மி' அங்கதான் ஒழுகுது!" என்றார். இருவரும் படங்குக்குள்ளேயே சிரித்தோம். முறைப்பாட்டாளர் கேட்ட சிரிப்பு அதுதான். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நாங்கள் படங்குக்குள் இருந்த வேளையில் பஸ் பயணிகள் சிலர் சத்தமிட்டதால், தனபாலன் தானாகவே மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்து நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கினார். அவருடைய தம்பியும் சேர்ந்துகொண்டார். நான் வெளியே தலையை எடுத்தபோது பஸ்ஸில் பாதிப்பேர் இறங்கிச் சுற்றி நின்றார்கள். வாசிக்கும்படி நான் சொல்லவில்லை. நிறுத்தும்படியும் சொல்லவில்லை.

அப்போது பின்னாலிருந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலைப்பாகையோடு ஒருவர் ஓடிவந்தார். அவர்தான் மணமகன், கண்டி மாநகரசபையில் எழுதுவினைஞரான திருச்செல்வம் என்று பின்னர் அறிந்தேன். அவருடைய காரும் அதே நெரிசலில்தான் நின்றது. அவர் மூச்சு வாங்க, "மேளச் சத்தம் கேட்டதும் நான் இல்லாமலே தாலி கட்டிட்டாங்களோன்னு பயந்துட்டேங்க" என்றார். பின்னர் தனபாலனைப் பார்த்து, "இது நம்ம மேளமா?" என்று கேட்டார். "உங்கட மேளந்தான், மாப்பிள்ளை" என்று முத்துலிங்கம் சொன்னார்.

அதன் பின்னர் இஞ்சினை நிறுத்தி, பக்கத்து டயர் ஒட்டும் கடையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று வாங்கி, வெடிப்பின் மேல் இறுக்கிச் சுற்றினேன். வயர் இரும்பில் படாமல் தூக்கிக் கட்டுவதற்கு மணமகன் தன் காரில் கட்டியிருந்த வெள்ளை ரிப்பனை அறுத்துத் தந்தார். அது இப்போதும் வண்டியில் இருக்கிறது, பரிசோதிக்கலாம். நான் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் ஒரே சீராக ஓடியது. அதை நிறுத்திவிட்டு மறுபடியும் இயக்கினேன். அதற்கு அவசியம் இருக்கவில்லை.

பின்னர் மணமகனின் காரை முந்த விட இடமில்லாததால் என் வண்டி முன்னால் சென்றது. மூன்று மேளகாரரும் பின்னால் நின்று வாசித்தார்கள். அடுத்து, பயணிகள் மறுபடி ஏறிக்கொண்ட முறைப்பாட்டாளரின் பஸ், அதன் பின்னால் மணமகனின் கார். மேட்டை ஒரே மூச்சில் ஏறினோம். கம்பளை வரை அப்படியே போனோம். வீதியோரத்தில் நின்றவர்கள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன். ஒரு கை எப்போதும் ஸ்டியரிங்கில் இருந்தது.

மண்டபத்தை அடைந்தபோது முகூர்த்தம் முடியச் சற்று நேரம் இருந்தது. வாசலில் நின்ற நடராஜா, மேளத்துக்குப் பின்னால், முந்திப் போக இடமில்லாமல் வந்து நின்ற பஸ் நிறைய ஆட்களைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துவிட்டார். பஸ் கதவடியில் போய் நின்று கைகூப்பி, "வாங்க வாங்க, எல்லாரும் உள்ள வாங்க" என்று ஒவ்வொருவரையும் இறக்கினார். அவர்கள் இறங்கினார்கள். உண்மை தெரிந்த பிறகும் அவர் யாரையும் போகச் சொல்லவில்லை. அவர் மனைவி மறுபடியும் சோறு வடிக்கச் சொன்னார். ஆகவே பயணிகளை நான் கலைக்கவில்லை. அவர்கள் தாலி கட்டுவதைப் பார்த்து, அட்சதை போட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

வினவப்பட்டதற்கு: வீதி தடைப்பட்டதை ஏற்றுக்கொள்கிறேன். மதுபானம் எவரும் அருந்தவில்லை. முறைப்பாட்டாளரும் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். பாயாசம் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நடந்தது நடந்தபடியே உள்ளது, சேர்க்கவோ திருத்தவோ எனக்கு எதுவுமில்லை என்று விளங்கிக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ம. டொரதி