அதே பக்கத்தில், அதே எழுத்தில்

மேடையில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் மோகனதாஸ் அவர்களே, தன் தந்தையின் படத்துக்கு எதிரே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிலானி அவர்களே, இந்த மழையிலும் கிளென் ஈடன் வரை வந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பின்வரிசையில் அழுவது என் மகள்தான். அவள் அப்பா வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸ்வர்ணா. நம் சங்கத்தின் மாதமடலைத் தொகுப்பவள். இருபத்து மூன்று நாட்களுக்கு முன் மாரடைப்பால் நம்மைப் பிரிந்த திரு. இராசரத்தினம் அவர்களோடு மூன்று ஆண்டுகள் அந்த மடலில் வேலை பார்த்தவள். மூன்று ஆண்டுகள் சண்டை போட்டவள் என்றும் சொல்லலாம்.

சற்று முன் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஸ்வர்ணா, பாலிட்டிக்ஸ் மட்டும் தொடாதம்மா. நல்ல மனுசன்லா. அத சொல்லிட்டு எறங்கிடு" என்றார். தலைவர் சிரிக்கிறார், மறுக்கவில்லை. நான் நேரே நிலானியிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னார்: "அப்பாவை நல்லவர் எண்டு மட்டும் சொல்லி முடிச்சுப்போடாதேங்கோ. பிரெக்ஸிட்டாலை என்னோடை மூண்டு மாசம் கதையாமல் இருந்த மனுசன். அதையும் சொல்லுங்கோ."

ஆகவே சொல்கிறேன்.

இராசரத்தினம் ஐயா யார்? பருத்தித்துறையில் பிறந்தவர். இந்த நாட்டுக்கு வருமுன் கிழக்கு லண்டனில் இருபத்திரண்டு ஆண்டுகள் பேப்பர் கடை வைத்திருந்தவர். கட்டுக்கட்டாக வந்து இறங்கும் பத்திரிகைகளைப் பிரித்து அடுக்கியவர். விற்பதற்கு முன் அத்தனையையும் படித்தவர்! 2016-இல், ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் இருப்பதா விலகுவதா என்று பிரெக்ஸிட் வாக்கெடுப்பு வந்தபோது, விலக வேண்டும் என்று வாக்களித்தவர். பிழைக்க வந்து குடியேறிய ஒரு தமிழர் அப்படி வாக்களிப்பாரா? வாக்களித்தார். அதை யாரிடமாவது மறைத்தாரா? ஒருபோதும் இல்லை.

அதே வீட்டில் நிலானி எதிர்ப்பக்கம். அந்த மூன்று மாதக் கதையை ஐயாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒரே மேசையில்தான் சாப்பாடு. "அம்மா, அவருக்குச் சொதி வேணுமோ எண்டு கேளுங்கோ" என்பாராம் மகள். "விலகிப்போன ஆளுக்குச் சொதி குடுக்க அவவுக்குச் சம்மதமோ எண்டு கேளும்" என்பாராம் இவர். இன்று நம்மோடு இல்லாத அந்த அம்மா, ஒருநாள் சட்டியை இருவருக்கும் நடுவில் டொம் என்று வைத்துவிட்டு, "நான் வோட்டே போடேல்லை. ரெண்டு பேரும் அள்ளிச் சாப்பிடுங்கோ" என்று எழுந்து போய்விட்டாராம்.

என் கதை வேறு. அந்த வருடம் நானும் பிரிட்டனில்தான், லெஸ்டரில் மாணவி. வாக்கெடுப்பு முடிவு வந்த மறுநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பின் இருக்கையிலிருந்து ஒரு பெண், "எப்போது உன் ஊருக்குக் கிளம்புகிறாய்?" என்று கேட்டார். பஸ் நிறைய ஆட்கள். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கி நடந்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் விலகலுக்கு வாக்களித்தவர் என்று யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த பஸ் நினைவுக்கு வரும்.

மடல் குழுவின் முதல் கூட்டத்திலேயே ஐயா தன் வாக்கைப் பற்றிச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. "அங்கிள், அப்போ என்னை பஸ்ஸ விட்டு இறக்கினது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்பட்டாரா? இல்லை. "நானில்லைப் பிள்ளை. ஆனா உம்மைப்போல ஆக்கள் இறங்கினதை எந்தப் பேப்பர் எழுதினது, எது எழுதேல்லை எண்டு நான் சொல்லுவன். ரெண்டையும் வித்தனான்" என்றார்.

அதிலிருந்து பிறந்ததுதான் மடலின் நான்காம் பக்கம். ஒரே செய்தி, இரண்டு பிரிட்டிஷ் பத்திரிகைகள். டோவர் துறைமுகத்தில் லாரிகள் தேங்கி நின்றால், ஒரு பத்திரிகை பிரெஞ்சு அதிகாரிகளைக் குற்றம் சொல்லும். இன்னொன்று லண்டன் அரசாங்கத்தைச் சொல்லும். லாரிகளின் எண்ணிக்கைகூட ஒத்துப்போகாது. ஐயா இரண்டையும் தமிழில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே ஒரு வரி சேர்ப்பார்: "லாரி ஓட்டுநரிடம் இருவருமே கேட்கவில்லை."

ஒரு பக்கச் சாய்வு பத்திரிகையில் மட்டும்தான் இருக்கிறதா? தன்னிடமும் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டவர். வாக்கெடுப்புக்குப் பிறகு, தனக்குப் பிடித்த பத்திரிகைகளைக் கண் மட்டத்தில் அடுக்கிவிட்டு, பிடிக்காதவற்றை அடித்தட்டில் வைத்தாராம். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகச் செய்தது என்பார். நாலு நாள் கழித்து, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து நின்றாராம். "ரட்ணம், என்ர பேப்பரை ஏன் நிலத்திலை வைச்சிருக்கிறாய்? என்ர முழங்கால் உனக்குத் தெரியாதே? உன்ரை கட்சி வெண்டால் நான் குனிய வேணுமோ?" என்றாராம். அன்று மாலையே அத்தனையையும் இறக்கி, ஆங்கில அகர வரிசையில் அடுக்கினார். கடையை விற்கும் நாள் வரை அந்த வரிசை மாறவில்லை.

பெரியோர்களே, இதுவரை சொன்னது அவர் பெருமை. இனிச் சொல்வது என் தவறு.

ஜூன் மாத மடலுக்கு, வாக்கெடுப்பின் நினைவாக ஒரு கட்டுரை கேட்டேன். எழுதிக் கொடுத்தார். இலங்கையிலிருந்து வர இருந்த தன் தங்கைக்கு மூன்று முறை விசா மறுக்கப்பட்டதை எழுதியிருந்தார். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வரிசையே இல்லை, விலகினால் எல்லோருக்கும் ஒரே வரிசை வரும் என்று நம்பி வாக்களித்தேன் என்று எழுதியிருந்தார். பிறகு, தன் கடைக்கே வந்து "நீ எப்போது போகிறாய்?" என்று கேட்டவர்களைப் பற்றியும் எழுதியிருந்தார். "இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காதது என் பிழை." இது அவர் வரி. அடுத்த வரி: "ஆனால் வாக்களித்தது பிழை என்று நான் சொல்லவில்லை."

நான் என்ன செய்தேன்? தங்கையைப் பற்றிய பத்தியை வெட்டினேன். அந்தக் கடைசி வரியையும் வெட்டினேன். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், "பிரெக்ஸிட்: என் பிழை" என்று தலைப்பு வைத்தேன்.

வாட்ஸாப்பில் பாராட்டு குவிந்தது. "ஐயா கடைசியில் உணர்ந்துவிட்டார்" என்று எழுதியவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். லண்டனிலிருந்து அவருடைய பழைய நண்பர் ஒருவர் போன் செய்து, "என்ன காணும், கட்சி மாறிட்டீரோ?" என்று நக்கலடித்தாராம்.

ஐயா மடலைக் கோட்டுக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு நம் நகரின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். என் மடியில் குழந்தை. அவர் சத்தம் போடவில்லை. "பிள்ளை, இது நான் எழுதினதில்லை. நீர் ஆசைப்பட்டது" என்றார்.

"இடம் பத்தல அங்கிள்."

"இடம் பத்தாட்டித் தலைப்பைச் சின்னனாக்கியிருக்கலாமே? மூண்டு விரல் உயரத்துக்கல்லோ போட்டிருக்கிறீர்!"

ஒரு தாளை நீட்டினார். திருத்தத்தை அவரே எழுதி வந்திருந்தார். "லண்டன் பேப்பருகளிலை முதல் பக்கத்திலை ஆனையைப் போல ஒரு தலைப்பு வரும். ரெண்டு மாசத்துக்குப் பிறகு, உள்ளுக்கு எங்கையோ, சுடோகுவுக்குக் கீழை, எறும்பைப் போல ஒரு திருத்தம். இருவத்திரண்டு வருசம் பாத்து அலுத்துப்போனன். எனக்கு அதே பக்கம், அதே எழுத்து" என்றார். சரி என்று வாங்கி, குழந்தையின் டயப்பர் பையில் வைத்தேன்.

ஜூலை மடலில் அது வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல், அது உண்மை. ஆகஸ்ட் மடலிலும் வரவில்லை. அப்போது காய்ச்சல் இல்லை. இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே இதழில் பேட்மிண்டன் போட்டிப் படத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தேன்! உண்மைக் காரணம் என்ன? அவர் வருந்த வேண்டும் என்று நான் விரும்பினேன். அந்த பஸ்ஸுக்காக யாராவது ஒருவர் வருந்த வேண்டும் என்று விரும்பினேன். வருந்தாத ஒருவரை, வருந்தியதாக அச்சடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, வழக்கம்போல நூற்று நாற்பது பிரதிகளை எடுத்துப்போக வந்தார். சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடைகளுக்கு மாதாமாதம் கொண்டுபோய் வைப்பது அவர்தான். மேல் பிரதியை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மடித்து வைத்தார்.

"கோவமா அங்கிள்?"

"ஓம், கோவம் இருக்கு. ஆனா இது சங்கத்தின்ரை பேப்பர். கடைக்குப் போகத்தானே வேணும்."

மடல் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நான் அவரைப் பார்த்தது அதுவே கடைசி. பன்னிரண்டு நாளில் நிலானியிடமிருந்து போன் வந்தது.

இறுதிச் சடங்கு முடிந்த வாரம் பருப்பு வாங்க ஒரு கடைக்குப் போனேன். மடல் எங்கே இருந்தது தெரியுமா? தன் திருத்தம் இல்லாத அந்த மடலை, அந்த மனிதர் எங்கே வைத்துவிட்டுப் போயிருந்தார் தெரியுமா? கண் மட்டத்தில்! யாரும் குனிய வேண்டாத தட்டில்!

அவையோரே, என் கருத்து மாறவில்லை. அவர் வாக்கு தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் இருந்திருந்தால் அடுத்த கூட்டத்திலும் வாதாடியிருப்பேன். ஆனால் அவர் சொல்லாததை அவர் பெயரில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான்காம் பக்கம் தொடரும். நிலானி ஒரு பத்திரிகையைப் படிப்பார், நான் மற்றதைப் படிப்பேன், எனக்குப் பிடிக்காததை நான்தான் படிப்பேன். சான்ட்ரிங்ஹாம் மடல் கட்டையும் இனி நானே சுமப்பேன், தள்ளுவண்டியில் குழந்தையோடு. அடுத்த மடலின் முதல் பக்கத்தில், மூன்று விரல் உயரத் தலைப்போடு, இது வரும். பன்னிரண்டு வாரம் பையில் கிடந்த தாள், ஓரத்தில் பால் கறை இருக்கிறது. அவர் எழுதியபடியே படிக்கிறேன்:

"திருத்தம். ஜூன் மடலில் என் பெயரில் வந்த தலைப்பு என்னுடையதல்ல. என் வாக்கு பிழை என்று நான் எழுதவில்லை. எல்லோருக்கும் ஒரே வரிசை வேண்டும் என்று வாக்களித்தேன். இன்றும் அதையே கேட்கிறேன். அந்த வாக்குக்குப் பின் பஸ்ஸிலும் கடையிலும் அவமானப்பட்டவர்களை நான் முன்கூட்டி நினைத்துப் பார்க்கவில்லை. அது என் பிழை. அதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டையும் சேர்த்தே அச்சிடவும்."

நான் வேண்டி நின்ற அந்தச் சொல் இந்தத் தாளிலேயே இருந்திருக்கிறது. பையில் வைத்தேனே தவிர, அவர் போகும்வரை நான் இதைப் பிரித்துப் படிக்கவே இல்லை.

அடியில் எனக்கு ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்: "பிள்ளை, இதில் ஒரு சொல்லையும் வெட்ட வேண்டாம். இடம் பத்தாவிட்டால் என் பெயரை வெட்டவும்."

வெட்ட மாட்டோம், ஐயா. இராசரத்தினம் என்ற பெயரும் வரும். அதே பக்கத்தில், அதே எழுத்தில்.