யெஸ்ங்க

சுப்பண்ணன்: மறுக்கா சொல்லு. நான்தான் மில்லு மொதலாளின்னு நெனச்சுக்க. வாட் இஸ் யுவர் நேம்?

கோமளா: மை நேம் இஸ் கோமளாங்க.

சுப்பண்ணன்: பாரு, மறுபடியும்...

கோமளா: என்னங்க?

சுப்பண்ணன்: அந்த ‘ங்க’. இங்கிலீசுக்கு எதுக்கு அம்மணி ‘ங்க’?

கோமளா: அத்தன பெரிய மனுசருகிட்ட எப்படிங்க மொட்டையாப் பேசறது?

சுப்பண்ணன்: பேசித்தான் ஆகோணும். ஆர் யூ... இதென்ன, உங்க லட்சுமியம்மா டீச்சரு கோழி கிண்டுனாப்பல எழுதியிருக்குது... ஆர் யூ மேரீடு?

கோமளா: யெஸ்ங்க.

சுப்பண்ணன்: கெரகம். கட்டுன புருசன் மூஞ்சியப் பாத்துட்டே யெஸ்ங்கன்னா நான் என்னத்தச் சொல்றது?

கோமளா: சிரிக்காதீங்க. நாளைக்குக் கோபாலசாமி மொதலாளி வந்து உக்காரும்போது தெரியும். நாங்க நல்லாப் பேசுனாத்தான் இன்னொரு வருசத்துக்கு இந்த இங்கிலீசு வகுப்பு நடத்தப் பணம் தருவாராமா. இல்லீன்னா டீச்சருக்குச் சம்பளம் ஏது, கட்டடத்துக்கு வாடகை ஏது... ஏனுங்க, எங்க எந்திரிச்சுப் போறீங்க?

சுப்பண்ணன்: வாசல்ல மொபெட்டுச் சத்தம் கேட்டாப்பல இருந்துச்சு.

கோமளா: காலையில இருந்து வாசலுக்கும் ஊட்டுக்கும் நடந்துட்டே இருக்கறீங்க. கரண்டு இல்ல, தறியும் நிக்குது. செத்த உக்காந்து கேளுங்க.

சுப்பண்ணன்: உக்காந்துட்டேன்... சனிக்கெழம உன்ற அக்கா ஊட்டுல இருந்து நீ கொண்டாந்த தேங்காயில அரைச்ச சட்னி நெஞ்சுலயே நிக்குது.

கோமளா: நேத்து வரைக்கும் உடுமலைத் தேங்காய் மாதிரி வராதுன்னீங்க.

சுப்பண்ணன்: செரி, அடுத்தது... இது நீளமா இருக்குதே. கம்பெனிக்கு ஃபேக்ஸ்ல கடுதாசி வந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டிருக்குது.

கோமளா: ஐ வில் ரீட் இங்கிலீஷ். ஐ வில் டெல் டைலர்ஸ் இன் தமிழுங்க.

சுப்பண்ணன்: அப்படின்னா?

கோமளா: வெளிநாட்டுல இருந்து வர்றத இங்கிலீசுல படிச்சு, காலர் இப்படி, பட்டன் இந்தக் கலருன்னு டைலருங்களுக்குத் தமிழ்ல சொல்லோணும். ரெண்டும் தெரிஞ்ச ஆளு திருப்பூருல கெடைக்கறதே இல்லையாமா. அதுக்குத்தானுங்க இந்த வகுப்பு.

சுப்பண்ணன்: திருப்பூரு... தெனமும் பஸ்ஸேறி...

கோமளா: சூலூர்ல ஏறுனா ஒரே பஸ்ஸுங்க.

சுப்பண்ணன்: கோமளா... நாளைக்கு உனக்குக் காச்சல்னு சொல்லிப்போடலாமா?

கோமளா: நல்லாருக்கறவளுக்கு எதுக்குங்க காச்சல்?

சுப்பண்ணன்: இல்ல... எப்படியும் மொதலாளி வரப்போறதில்ல...

கோமளா: அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்? கீழ என்னத்தப் பாக்கறீங்க? என்ற மொகத்தப் பாருங்க.

சுப்பண்ணன்: வெள்ளிக்கெழம மில்லுக்கு நூலெடுக்கப் போனனல்ல... அவரே கூப்பிட்டுக் கேட்டாரு. உன்ற சம்சாரம் வகுப்புல கெட்டிக்காரின்னு டீச்சர் சொல்லுது, வேலைக்கு அனுப்புவியான்னு.

கோமளா: நீங்க என்ன சொன்னீங்க?

சுப்பண்ணன்: எங்கூட்டுப் பொம்பளைக வேலைக்குப் போற வழக்கமில்லீங்க, வகுப்புக்கு எல்லாருமே சும்மா பொழுது போறதுக்குத்தான் வருதுங்கன்னு... சொல்லிப்போட்டேன்.

கோமளா: அப்பறம்?

சுப்பண்ணன்: ஒருத்தியும் வேலைக்குப் போகாத வகுப்புக்கு நான் எதுக்குப் பணங்கட்டோணும்னு எந்திரிச்சுட்டாரு. இப்படி ஆகும்னு நான் நெனைக்கவே இல்ல அம்மணி...

கோமளா: எங்கூடப் படிக்கற பொன்னாத்தாள் அக்கா... புருசன் இல்லாதவ, கைப்புள்ளையத் தூக்கிட்டு வெயில்ல நடந்து வருது. அத்தன பேரு சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டு, இங்க உக்காந்து என்ற பேரு என்னன்னு கேக்கறீங்க.

சுப்பண்ணன்: கத்தாத... பக்கத்து ஊட்டுல கேக்கப்போகுது...

கோமளா: கேக்கட்டுமுங்க.

சுப்பண்ணன்: பயந்துட்டேன். போதுமா? இங்கிலீசு பேசிட்டு நாலு மனுசரப் பாத்துட்டு வர்றவளுக்கு... இந்தத் தறிக்காரன் கண்ணுக்குத் தெரிவானான்னு பயந்துட்டேன்.

கோமளா: இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?

சுப்பண்ணன்: எந்த வாய வெச்சுட்டுச் சொல்றது... நானே போயி மொதலாளி காலுல உளுந்தறேன். உன்ற டீச்சரு மொபெட்ட எடுத்துட்டுச் சண்டைக்கு வர்றதுக்குள்ள...

கோமளா: டீச்சர் வரமாட்டாங்க. பால் வாங்கப் போனப்பவே எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டாங்க.

சுப்பண்ணன்: எல்லாத்தையுமா?

கோமளா: உங்க வாயில இருந்தே வரட்டும்னுதான் காலையில இருந்து மை நேம் இஸ் கோமளா சொல்லிட்டு உக்காந்திருந்தேன்.

சுப்பண்ணன்: அடிப்பாவி... அப்ப வகுப்பு?

கோமளா: நாளைக்கு மொதலாளி வாராருங்க. ஒருத்திக்கு வேலை கெடைச்சிருச்சுன்னு டீச்சர் பூத்துல இருந்து போன் பண்ணிச் சொன்னதும், வாரேன்னுட்டாராமா.

சுப்பண்ணன்: ஆருக்குக் கெடைச்சுது? கோமளா, ஆருக்கு?

கோமளா: சனிக்கெழம நான் அக்கா ஊட்டுக்குப் போகலீங்க.

சுப்பண்ணன்: தேங்காய் கொண்டாந்தியே?

கோமளா: திருப்பூர்ச் சந்தையில வாங்குனதுங்க.

சுப்பண்ணன்: முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சு, அதுல சட்னியும் அரைச்சுப் போட்டிருக்கற... எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலியா உனக்கு?

கோமளா: அங்க நான் வேலை கேக்கப் போன கம்பெனியிலயும் அதத்தானுங்க கேட்டாங்க. துணி வாங்க வந்த வெள்ளைக்காரம்மா ஒண்ணு. வேலைக்கு வர்றதுக்கு ஊட்டுக்காரருகிட்டக் கேக்கோணுமான்னு, இங்கிலீசுல.

சுப்பண்ணன்: நீ என்ன சொன்ன?

கோமளா: நோன்னு சொன்னனுங்க.

சுப்பண்ணன்: ...‘நோங்க’ன்னா சொன்ன?

கோமளா: இல்லீங்க. அன்னிக்கு ‘ங்க’ வரவே இல்லீங்க.