எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ சொன்ன எங்கள் அத்தான்

தலைமை நாற்காலியைத் தளும்பத் தளும்ப நிறைத்திருக்கும் தலைவர் அவர்களே, அவர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் மூட்டுவலியோடு வீற்றிருக்கும் பெரியவர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே, தையல் ஆலையில் என்னோடு ஊசி உடைக்கும் தோழிகளே, ஐந்து தேர்தல் வென்ற அடலேறும் என் அக்காள் கணவருமான சட்டமன்ற உறுப்பினர் அத்தான் அவர்களே! அனைவருக்கும் பணிவான வணக்கம்.

“பழையது எதையும் மாற்ற விடமாட்டேன்” என்று முதல் தேர்தலில் முழங்கினார் அத்தான். சொன்ன சொல் காத்தார்! சாலைப் பள்ளத்தை மாற்ற விட்டாரா? இல்லை! மருத்துவமனையின் ஒழுகும் கூரையை மாற்ற விட்டாரா? இல்லை! யாரது பின்னால், “கட்சியையாவது மாத்தினாரா”ன்னு கேக்கிறது? அதுவும் இல்லை தம்பி. அந்த விஷயத்தில் அவர் தங்கம்.

சட்டசபையில் ஒரு தீர்மானம் வந்தால், ஆதரிப்பவர் ‘ஆம்’ என்றும் எதிர்ப்பவர் ‘இல்லை’ என்றும் குரல் கொடுக்க வேண்டும். அத்தான் கட்சிக்காரர்கள் தீர்மானத்தைப் படிப்பதில்லை. அத்தானின் தொண்டையைத்தான் கவனிப்பார்கள். அவர் ‘இல்லை’ என்று கர்ஜித்தால், பின்வரிசை முழுவதும் ‘இல்லை’ என்று இடி இடிக்கும். வீட்டில் அக்கா எது கேட்டாலும் அதே கர்ஜனைதான்.

“இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?”

“இல்லை!”

“நாளைக்குச் சபை இருக்கா?”

“இல்லை!”

“இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கேனா?”

“இல்லை!”

இப்பேர்ப்பட்டவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நம் வீடுகள் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், ஆலை அந்தப் பக்கம். நடுவில் சரக்கு ரயில் வந்து நின்றால் நகராது. அதைத் தாண்ட ஒரு நடைபாலம் கேட்டோம். வாக்குக் கொடுத்தார், வாக்கு வாங்கினார். தீர்மானத்தை அழகாகத்தான் வாசித்தார். வாசித்த களைப்பில் தண்ணீர் குடித்தார். “ஆதரிப்போர்?” என்றார் அவைத்தலைவர். அத்தான் வாயில் தண்ணீர்; அவர் கட்சியோ அத்தான் தொண்டைக்காகக் காத்திருக்கிறது. “எதிர்ப்போர்?” என்றார். தம்ளரைக் கீழே வைத்தார் அத்தான். பழக்கம் விடுமா? “இல்லை!” என்று கர்ஜித்தார். கட்சியே சேர்ந்து இடித்தது. பாலம் செத்தது.

அன்று அக்கா கேட்டாள்: “என்னங்க, பாலம் என்னாச்சு?”

“எல்லாம் எதிர்க்கட்சிக்காரன் சதி.”

“அவங்க எத்தனை பேரு வந்திருந்தாங்க?”

“இன்னிக்கு ஒருத்தனும் வரல.”

சிரிங்கம்மா, நல்லாச் சிரிங்க. அத்தானும் சிரிக்கிறார், பாருங்கள்.

அதே பாலம் நாளைக்கு மறுபடி சபைக்கு வருகிறது. கொண்டுவருவது எதிர்க்கட்சி. ஆகவே எதிர்ப்பேன் என்று அறிக்கை விட்டிருக்கிறார் அத்தான். அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: “பெண்கள் வீட்டோடு இருந்தால் தண்டவாளத்தை ஏன் தாண்ட வேண்டும்?”

அருமையான கேள்வி! அதை உங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கலாம், அத்தான். உங்கள் மகளும் இப்போது எங்கள் ஆலைக்குத்தான் வருகிறாள். ரயில் நின்றால் எல்லாரும் பெட்டிக்கு அடியில் குனிந்துதான் போகிறோம். தாமதமாகப் போனால் ஆலைக் கதவு திறக்காது. போன வாரம் அவள் அடியில் இருக்கும்போது ரயில் அசைந்தது. கையில் அகப்பட்டது அவள் சடைதான். பிடித்து இழுத்தேன். “சித்தி, என் டப்பா!” என்று கத்தினாள். ரயில் போனபின் பார்த்தோம். சாப்பாட்டு டப்பா தண்டவாளத்தில் தகடாக ஒட்டிக் கிடந்தது.

“அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே சித்தி, வேலையை விடச் சொல்லிடுவாரு” என்றாள். அதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து என்னை முறைக்கிறாள். முறைக்காதடி கண்ணு, சொல்லியாச்சு.

அவளை நிறுத்திவிடுவீர்கள் அத்தான். எங்களை? இவளை, அவளை, வயிற்றில் பிள்ளையோடு குனிகிறாளே, அதோ அவளை? யார் நிறுத்துவது? யார் காப்பது? யார் சடையை யார் பிடித்து இழுப்பது?

நாளைக்கு எங்கள் தையல் பிரிவு முழுவதும் விடுப்பு. சபையின் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டோம். அங்கே நாங்கள் வாய் திறக்கக் கூடாதாம். திறக்கமாட்டோம். முன்வரிசையில் உங்கள் மகளை உட்கார வைத்துவிட்டு, நாங்கள் சும்மா உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், அடுப்பை மறந்து கைதட்டிய தாய்மார்களுக்கும் நன்றி. எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். அத்தானுக்குரிய நன்றியை மட்டும் இன்று கையிலேயே வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு அவர் வாயைத் திறக்கட்டும்.