கேமரா இல்லாத போன்

இல்ல அண்ணாச்சி, போன் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கதுதான் பிரச்சன! கெட்டுப் போயிருந்தா நான் ஏன் இந்தச் சாரலுக்குள்ள மேலகரத்துலேருந்து தென்காசி வரைக்கும் வண்டிய உருட்டிக்கிட்டு வாறேன்? பேசாம வீட்ல படுத்திருப்பேன்லா. பெட்டியே இன்னைக்கிக் காலைலதான் பிரிச்சேன். பாருங்க, மேல ஒட்டுன பிளாஸ்டிக்கக்கூட உரிக்கல. எனக்கு இதுல ஒரே ஒரு வேலதான் ஆவணும். கேமராவ எடுத்துரணும். ரெண்டும். முன்னால உள்ளது, பின்னால உள்ளது, ரெண்டும்.

ஏன் அப்படிப் பாக்கிய? நான் தண்ணி கிண்ணி போடல அண்ணாச்சி. பேச்சு கேக்கணும், நான் பேசுறது அங்கன கேக்கணும், படம் மட்டும் தெரியக் கூடாது. அம்புட்டுதான்.

ஸ்டிக்கரா? அதெல்லாம் நான் யோசிக்காம இருப்பனா? "ஸ்டிக்கர எடுங்க"ம்பா. முடிஞ்சி போச்சி. அவகிட்ட சும்மா பொய் எல்லாம் நிக்காது. நெசமாவே கெட்டுப் போயிருக்கணும்.

அவ யாருன்னா... எங்க வீட்டுக்காரி. ஜெயபிரியா. பட்டாளத்துல இருக்கா. ஆமா, அவதான்! நீங்களும் அதே கேள்விதான் கேக்கிய. "ஒங்க மச்சானா? ஒங்க தம்பியா?" இல்லய்யா, என் பொண்டாட்டி! எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு ஆளு பட்டாளத்துலயோ போலீஸ்லயோ இருக்கும். எங்க வீட்ல அது அவ. நான் குத்தாலத்துல ஐந்தருவி ரோட்டுல லாட்ஜ் மேனேஜர். குத்தாலிங்கம்னு கேட்டா அங்கன யாரும் சொல்லுவாங்க.

அவ இப்பம் ஐநா சபை வேலையா ஆப்பிரிக்காவுல கெடக்கா. தெக்கு சூடான்னு ஒரு நாடு. அங்கன உள்ளவனுவ ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கிட்டுச் சாவுதானுவ, இவிய போயி நடுவுல நிக்காவ. பொம்பளையளுக்குன்னே தனியா ஒரு பிளட்டூன். போன ஐப்பசியில போனா, வார ஐப்பசியில வருவா. புள்ளைக்கி அப்பம் ஒண்ணர வயசு. அவ போறதுக்கு எங்கம்மா அழுதாவ, அவங்கம்மா அழுதாவ. நான் அழல. ஏர்போர்ட்ல பேக்க தூக்க ஆள் வேணும்லா.

போன் பண்ணலன்னா கொற சொல்லலாம். இவ தெனமும் பண்ணுதா! அதான் கொடும. சாயங்காலம் ஆறு மணி ஆச்சின்னா வீடியோ கால். அவளுக்கு அங்கன மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாப்ட்டுக்கிட்டே வீட்ட இன்ஸ்பெக்சன் பண்ணுவா. "அடுப்பக் காட்டுங்க. பால் பொங்கியிருக்கே, தொடைக்கலையா? கட்டிலுக்கு அடியில காட்டுங்க. அந்தத் துணி நேத்தும் அங்கனதான கெடந்துச்சி?" நாட்டுக்கு நாடு சண்டைய நிறுத்தப் போனவளுக்கு எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில என்ன இருந்தா என்ன அண்ணாச்சி? கேட்டா, "நான் இங்கன ரோந்து போறதும் அதுதான், அங்கன பாக்குறதும் அதுதான்"ங்கா.

சீசன் வந்த பொறவு நான் லாட்ஜவிட்டு நவுர முடியல. ஆடி மாசம், சாரல் வேற ஜோரா விழுது. எங்கப் பாத்தாலும் தலை. நான் புள்ளையையும் தூக்கிட்டு லாட்ஜுக்குப் போயிருவேன். அங்கனயும் ஆறு மணிக்கி வந்துரும் போன். அடுப்பு இல்ல, கட்டில் இல்ல, அதனால நேரா தலைக்கி வந்துருவா. ஜடை! புள்ளைக்கி ரெட்ட ஜடை பின்னணும். அவ பாத்துக்கிட்டே இருக்க, நான் பின்னணும்.

சிரிக்காதீய. ரிசப்சன்ல சாவி மாட்டுற பலகை இருக்குல்லா, அதுல போனச் சாத்தி வச்சிட்டு, புள்ளைய மேசை மேல ஒக்காத்தி வச்சி, நான் சீப்ப எடுத்துக்கிட்டு நிப்பேன். "வகிடு கோணுது. அவுத்திருங்க. மறுபடி எடுங்க. காதுக்கு மேல, காதுக்கு மேல!" மதுரைலேருந்து வந்த பார்ட்டி ஒண்ணு, அருவில குளிச்சிட்டு ஈரத் துண்டோட ரூம் கேட்டு நிக்கி, அவிய வீட்டு அம்மா எங்கிட்டருந்து சீப்ப வாங்கி, "இப்படிப் பின்னணும் தம்பி"ன்னு கத்துக் குடுக்காவ. அந்தப் பக்கம் இவ அவியளப் பாத்து, "அக்கா, நடுவுல ஒரு வகிடுதான், பொறத்தால ரொம்ப இழுக்காதீங்க, அவளுக்கு வலிக்கும்"ங்கா. யாரு, எவருன்னே தெரியாது! ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சிக்கிட்டாவ. ரூம் வாடகைய கொறைக்கச் சொல்லிட்டா வேற, அங்கன இருந்துக்கிட்டே.

ஆனா கேட்டியளா, பின்னி முடிச்ச பொறவு ஒண்ணு செய்வா. புள்ளைய திருப்பச் சொல்லி, ரெண்டு ஜடையையும் கேமராகிட்டக் கொண்டு வரச் சொல்லுவா. பேச மாட்டா. சும்மா பாத்துக்கிட்டு இருப்பா. நெட்டு நின்னு போச்சோன்னு நான் ஹலோ ஹலோம்பேன். "இருக்கேன்"ம்பா. அம்புட்டுதான்.

போகும்போது எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். புள்ளைக்கி மொத முடி எடுக்காம வச்சிருக்கோம்லா, அத அவ வந்த பொறவுதான் எடுக்கணும். அவ அங்கன நிக்கணும். "நடக்க ஆரம்பிச்சத முழுசாப் பாக்கல, பேசுனதப் பாக்கல, இதையாச்சும் பாக்கணும்"னா. நானும் சரின்னேன். சரிங்கதத் தவிர நான் அந்த வீட்ல வேற என்ன சொல்லியிருக்கேன்?

மெதுவா அண்ணாச்சி, புள்ள முழிச்சிக்கிடப் போறா. தோள்லயே தூங்கிப் போனா. ஆமா, குல்லா. எடுக்க வேண்டாம்... சரி, பாத்துட்டிய. இனிமே மறைக்க என்ன இருக்கு? மொட்டைதான்.

பேனு ஈறு எல்லாம் ஒண்ணும் இல்ல! பண்பொழி திருமலைக் கோயில்ல எடுத்தது. போன வாரம். அன்னைலேருந்து நான் கேமரா கெட்டுப் போச்சின்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். அருவிச் சாரல்ல தண்ணி ஏறிட்டு, படம் வராது, பேச்சு மட்டும்தான்னுட்டேன். நம்பிட்டான்னுதான் நெனச்சேன். ரெண்டு நாள் படத்தப் பத்திக் கேக்கல. மூணாவது நாளு, அங்கன இருந்துக்கிட்டே ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டா! இன்னைக்கிக் காலைல கதவத் தட்டி இந்தப் பெட்டியக் குடுத்துட்டுப் போறான். "வாட்சப்ப ஏத்துங்க, கடைக்கிப் போயி கண்ணாடி ஒட்டிக்கிடுங்க, மூணு மணிக்கு மேல கூப்புடுதேன்"னா. சாரல்ல நனைஞ்சிட்டுன்னு இதுக்கும் எப்படிச் சொல்ல? அதான் நேரா ஒங்ககிட்ட வந்தேன். அவ கூப்புடும்போது நான் போன ஒங்ககிட்டக் குடுப்பேன். நீங்க, "மேடம், பீசே கம்ப்ளைண்ட்டு, கேமரா வேல செய்யல, மெட்ராஸ்லேருந்து சாமான் வரணும், ஐப்பசி ஆயிரும்"னு சொல்லிரணும். அதுக்குள்ள கொஞ்சம் முடி வளந்துரும்லா. ஏசுதாசன் அண்ணாச்சி சொன்னா யாரும் நம்புவாங்க. கோயிலுக்குப் போற ஆளு நீங்க. ஞாயித்துக் கெழம பாவ மன்னிப்பு கேட்டுக்கிடுங்க.

யாரு எடுத்தாவளா? நான்தான். எங்கம்மா மேல பழியப் போடலாம்னு பாத்தேன், அவிய, "நான் வேண்டாம்னுதான சொன்னேன்"னு எனக்கு முன்னால ஊரெல்லாம் சொல்லிட்டாவ.

வேண்டுதல் அண்ணாச்சி. இந்த மாசத் தொடக்கத்துல நாலு நாளு அவகிட்டயிருந்து போனே வரல. நான் அனுப்புன மெசேஜுக்கு ஒத்த டிக்குதான் நிக்கி. மொத நாளு சரி, நெட்டு இல்லன்னு நெனச்சேன். நிம்மதியாக்கூட இருந்துச்சி, பொய் சொல்லக் கூடாது, அன்னைக்கி ஜடை பின்னல. ரெண்டாவது நாளு ராத்திரி டிவில அந்த நாட்டக் காட்டுதான். வண்டி எரியுது. ஜனம் மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுது. எந்த ஊருன்னு அவன் சொன்னது எனக்கு வெளங்கல. இலத்தூர்ல எங்க மச்சினன் மணிகண்டபிரபுவ கேட்டா, "ஒண்ணும் இருக்காது அத்தான்"ங்கான். ஆனா அவன் கொரலே சரியில்ல. புள்ள ஆறு மணி ஆனா சீப்பத் தூக்கிக்கிட்டு வந்து எம்முன்னால நிக்கா. "ம்மா எங்க"ங்கா. லாட்ஜ் மொட்ட மாடியில நின்னு திருமலைய பாத்துக் கும்புட்டேன். முருகா, அவ ஒரே ஒரு தடவ கூப்புடட்டும், இந்தப் புள்ள முடிய ஒனக்குத் தந்துருதேன்னேன்.

ஏன் என் முடியத் தாறேன்னு சொல்லலையா? இந்தாங்க, என் தலையப் பாத்துக்கிடுங்க. இங்கன என்ன இருக்கு குடுக்க? எங்கிட்ட இருந்ததுலயே நல்லது புள்ள ஜடைதான். அதான் குடுத்தேன்.

அஞ்சாவது நாளு கூப்புட்டுட்டா. நல்லாத்தான் இருந்தா. சரி, ஐப்பசி வரைக்கும் பொறுத்திருக்கலாம்லாங்கிய. எப்படிப் பொறுக்க? அவ இன்னும் அங்கனதான நிக்கா! சாமிகிட்ட வாங்கிட்டு, நாளைக்கித் தாறேன், மறுநாளுத் தாறேன்னு இழுத்தா, அவரு அங்கன கையவிட்டா நான் எங்க போயி நிப்பேன்? அவகிட்டச் சொன்னா "நான் வாறவரைக்கும் தொடாதீங்க"ம்பா. அதான் சொல்லல. மச்சினன் மடியில வச்சி எடுத்தாச்சி. அவனும் அழுதான், புள்ளையும் அழுதா. மொட்ட போட்டவரு மட்டுந்தான் அழல.

ஏன் நாலு நாளு கூப்புடலையா? அது... அத விடுங்க. வேலையப் பாருங்க. அந்த மூடியத் தெறக்க ஸ்க்ரூ ட்ரைவர் எதுவும்...

சரி, கேட்டுட்டிய. சொல்லிருதேன். வெளிய சொல்லாதீய.

அவ பழைய போன் தண்ணித் தொட்டில விழுந்து செத்துப் போச்சாம். அங்கனயே வேற போன், வேற சிம்மு வாங்கிக் கூப்புட்டிருக்கா. நம்பரு பாத்தா என்னமோ மாரி, நம்ம ஊரு நம்பரே இல்ல. இப்பம் போனத் தொட்டாலே "வெளிநாட்டு நம்பர எடுக்காதீர்கள்"னு பாடம் நடத்துதானுவல்லா? எங்க தெருவுல ஒரு வாத்தியாரு அப்படித்தான் எடுத்து ஏமாந்து நிக்காரு. நான் கட் பண்ணி பிளாக் பண்ணிட்டேன். கூட்டாளி போன்லேருந்து கூப்புட்டிருக்கா. அதையும் பிளாக்கு. இன்னொண்ணு. அதையும்.

அதுல ஒரு தடவ எடுத்தேன் அண்ணாச்சி. எடுத்தேன்! "ஏங்க, நாந்தாங்க ஜெயா"ன்னா. எனக்கு உள்ளங்கால்லேருந்து பத்திக்கிட்டு வந்துச்சி. இப்பம் கம்ப்யூட்டர்லயே நம்ம வீட்டு ஆளு கொரல்ல பேசுதானுவன்னு அந்த வாத்தியாருதான் சொல்லியிருந்தாரு. இங்கன எம்பொண்டாட்டி இருக்காளா இல்லையான்னு தெரியாம நான் கெடக்கேன், எந்த மூதியோ அவ கொரல்லயே பேசி எங்கிட்ட காசு கேக்கானா? "ஏலே திருட்டு நாய, அவ கொரல எடுக்க ஒனக்கு வெக்கமா இல்ல? ஒன் வீடு வெளங்குமால?"ன்னு அசிங்க அசிங்கமா ஏசி வச்சேன். வச்சிட்டு ஒக்காந்து அழுதேன், அந்தக் கொரலக் கேட்டதுக்கு.

பொறவு அவ தம்பி நம்பர எப்படியோ கண்டு பிடிச்சிக் கூப்புட்டு, "ஒங்க அத்தானுக்கு என்னலே ஆச்சி"ன்னிருக்கா. அவன் சொன்ன பொறவுதான் நான் பிளாக்க எடுத்துவிட்டேன்.

அடிக்கி... அண்ணாச்சி, அடிக்கி! வீடியோ கால்தான். இந்தாங்க, எடுத்துச் சொல்லிருங்க. பீசு கம்ப்ளைண்ட்டு, மெட்ராஸ், ஐப்பசி... எங்க எந்திக்கிய? டீயா? இப்பமா? அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! கடையத் தெறந்து போட்டுட்டா போவாவ... போயிட்டாரே மனுசன்.

ஹலோ. ஆ, ஜெயா. தெரியுது. நல்லாத் தெரியுது. கறுத்துட்டியேட்டி... கடைக்காரரு டீ குடிக்கப் போயிருக்காரு. புள்ள தூங்குதா. குல்லாவா? குளுருக்கு. இல்ல, எடுத்தா முழிச்சிக்கிடுவா. வேண்டாம் ஜெயா, சொன்னாக் கேளு...

சரி, எடுக்கேன். இரு. மொதல்ல நான் ஒண்ணு சொல்லிக்கிடுதேன்.

நீ செத்துப் போயிட்டன்னு நெனச்சிட்டேன் ஜெயா. அந்த நாலு நாளும். நீ ஒரு தடவ கூப்புட்டாப் போதும், இவ முடியத் தாறேன்னு திருமலை முருகன்ட்டச் சொல்லிட்டேன். நீ கூப்புட்டுக்கிட்டேதான் இருந்திருக்க. நாந்தான் வெட்டி வெட்டி விட்டிருக்கேன்.

இந்தா. பாத்துக்க.

ஏசு. ஏசுட்டி, பரவால்ல. சும்மா இருக்காத... ஜெயா? நெட்டு நின்னுட்டா? ம். இருக்கியா. சரி. என்னது? இன்னும் கிட்டக் கொண்டு வரவா? இப்பம்? ஆமா, ரெண்டு சுழி. ஒனக்கும் ரெண்டா? எனக்குத் தெரியாதே. முடிக்குள்ள இருந்தா எப்படித் தெரியும்? அழாதட்டி. ஒனக்குப் பின்னால ஆளு போறாங்க பாரு.

முழிச்சிட்டா. பாப்பா, அங்கன பாரு, யாரு அது? என்ன சொல்லுதா தெரியுதா ஒனக்கு, ஜெயா? ஒன் தலையக் காட்டுதா. அவ குல்லாவக் கழத்திட்டோம்லா, ஒன் பட்டாளத் தொப்பியையும் கழத்தணுமாம். கழத்து ஜெயா, பாத்துக்கிடட்டும். யாராச்சும் பாத்தா பாத்துட்டுப் போறாங்க.